எலும்புக்குள் ஊசியா? பயப்படாதீங்க!

"ரத்தத்துல அணுவெல்லாம் குறையுதாம். எலும்புக்குள்ள ஊசி விட்டு எடுத்துப் பார்க்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்..."

வீட்டில் ஒருவர் வந்து இப்படிச் சொன்னால் போதும். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்த வீட்டு மதினி வந்து, "முதுகுத்தண்டுல குத்துவாங்களாம், அப்புறம் எந்திரிச்சு நடக்க முடியாதாம்" என்பார். கடைக்கார அண்ணாச்சி, "அது கேன்சர் இருந்தாத்தான் எடுப்பாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். இரண்டையும் கேட்ட பிறகு யாருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக மனசு வரும்? "பங்குனிப் பொங்கல் முடியட்டும்" என்று ஆரம்பிக்கும். அப்புறம் "தீபாவளிச் சரக்கு போகட்டும்". அதுவும் போனால் "காலண்டர் வேலை முடியட்டும்". விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் நாள் தள்ளிப்போடக் காரணத்துக்கா பஞ்சம்? வருஷம் பூராவும் ஏதாவது ஒரு சீசன்தானே!

இந்தப் பரிசோதனைக்கு 'போன் மேரோ பயாப்ஸி' என்று பெயர். தமிழில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. ஊசி போடும் வேலை மொத்தமும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வலி இருக்குமா? இருக்கும். இல்லை என்று பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு நேரம், எங்கே வலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மதினி சொன்னதும் அண்ணாச்சி சொன்னதும் இரண்டுமே தப்பு என்று தெரிந்தால் மீதி பயமும் போய்விடும்.

மஜ்ஜை என்பது என்ன?

ஆட்டு நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சியிருப்பீர்களே, அதற்குள் வழுவழுவென்று இருப்பதுதான் மஜ்ஜை. நம் உடம்பிலும் அதே சமாச்சாரம்தான். இடுப்பு எலும்பு, மார்பெலும்பு, விலா, முதுகெலும்பு ஆகியவற்றில் இருக்கும் சிவப்பு மஜ்ஜைதான் ரத்தம் தயாராகும் ஆலை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் கோடி சிவப்பணுக்கள் அங்கே பிறக்கின்றன. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) கூட அங்கேதான்.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். தட்டணுவுக்கு ஏழிலிருந்து பத்து நாள். ஆகவே ஆலையில் கோளாறு வந்தால் சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும். சோர்வு, மூச்சிரைப்பு, அடிக்கடி காய்ச்சல், பல் தேய்த்தால் ரத்தம், அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டு என்று ஒவ்வொன்றாய் வரும்.

நம்ம ஊர் கணக்கிலேயே சொல்லலாம். ஒரு பட்டாசு ஆபீஸிலிருந்து சரக்கு வெளியே வருவது குறைந்துவிட்டது. ஏன் என்று கடைக்காரரிடம் கேட்டால் தெரியுமா? ஆலைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மூலப்பொருள் தீர்ந்துபோயிருக்கலாம். வேலை செய்ய ஆளே இல்லாமல் இருக்கலாம். வேண்டாதவர்கள் உள்ளே புகுந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். ரத்தமும் அப்படித்தான். பி12 வைட்டமினோ ஃபோலிக் ஆசிடோ போதாவிட்டால் அது மூலப்பொருள் தட்டுப்பாடு. மஜ்ஜையே வறண்டுபோவது 'ஏப்ளாஸ்டிக் அனீமியா', அதாவது ஆளில்லாத ஆலை. ரத்தப் புற்றுநோய் என்பது வேண்டாத அணுக்கள் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்வது. வெளியே கையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் மூன்றும் சில சமயம் ஒன்றுபோலவே தெரியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால்தான் உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

எல்லா ரத்தசோகைக்கும் இந்த டெஸ்ட் தேவையில்லை. நம் பெண்களிடம் அதிகம் காண்பது இரும்புச்சத்துக் குறைவு. அதை 'ஃபெரிட்டின்' என்ற ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். டெங்குவில் தட்டணு இறங்கினாலும் பொதுவாக மஜ்ஜைப் பரிசோதனை தேவைப்படாது. காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் கழித்து அது தானாக ஏறத் தொடங்கிவிடும்.

மூன்று வகை அணுக்களும் ஒன்றாகக் குறைந்தால், ஸ்லைடில் வைத்துப் பார்க்கும்போது சந்தேகப்படும்படியான அணுக்கள் தெரிந்தால், வெள்ளணு காரணமில்லாமல் லட்சக்கணக்கில் ஏறினால் இந்த டெஸ்ட் வேண்டும். வாரக்கணக்கில் விடாத காய்ச்சலுக்குக் காரணம் பிடிபடாதபோதும் சொல்வார்கள். மஜ்ஜைக்குள் ஒளிந்திருக்கும் காசநோய்கூட இதில் மாட்டியிருக்கிறது.

அறுபது வயதுக்கு மேல் முதுகுவலியும் ரத்தசோகையும் சேர்ந்து வந்தால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். 'மைலோமா' என்ற மஜ்ஜை நோய் அப்படித்தான் தலைகாட்டும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

ஆக, இந்த டெஸ்ட் எழுதிக்கொடுத்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. 'அது இல்லை' என்று உறுதி செய்துகொள்ளவும் இதே டெஸ்ட்தான்.

தண்டுவடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது வேறு பரிசோதனை. மஜ்ஜையை எடுப்பது இடுப்பு எலும்பின் பின்பக்கத்திலிருந்து. வேட்டி கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, முதுகின் இரு பக்கமும் லேசான குழி தெரியுமே, அந்த இடம். அங்கே எலும்பு தோலுக்குப் பக்கத்திலேயே தடித்து இருக்கிறது. தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. எனவே நடக்க முடியாமல் போய்விடும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிரிட்டனில் சுமார் 55 ஆயிரம் பரிசோதனைகளைக் கணக்கெடுத்து 2003-ல் வெளியிட்டார்கள். அதில் குறிப்பிடும்படியான சிக்கல் வந்தது 26 பேருக்குத்தான். பெரும்பாலும் ரத்தக்கசிவு.

போவதற்கு முன்...

* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை (ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை) சாப்பிடுபவரா? முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் இஷ்டத்துக்கு நிறுத்தினால் அது தனி ஆபத்து.

* பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா? அதையும் சொல்லுங்கள்.

* மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் சாதாரணமாக லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் பட்டினி. எது என்று முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

* பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எண்ணிக்கை எந்த மாசத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது என்பது டாக்டருக்கு ரொம்ப முக்கியம்.

* தளர்வான உடை. துணைக்கு ஒருவர். திரும்பி வரும்போது பைக் ஓட்ட வேண்டாம்.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டெஸ்டுக்கு முன்னால் "அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு எதையாவது வாங்கிச் சாப்பிடாதீர்கள். பி12 ஊசி போட்டுக்கொண்டால் ஓரிரு நாளிலேயே மஜ்ஜையின் தோற்றம் மாறத் தொடங்கிவிடும். ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் மோசம். சில வகை ரத்தப் புற்றுநோயின் அடையாளத்தையே தற்காலிகமாக மறைத்துவிடும். டெஸ்டில் ஒன்றும் தெரியாது, நோய் மட்டும் உள்ளே இருக்கும். லேகியம், பஸ்பம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அறைக்குள் என்ன நடக்கும்?

முதலில் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை. எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான்.

ஒருக்களித்துப் படுத்து முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். சிலரைக் குப்புறப் படுக்கச் சொல்வதும் உண்டு. இடுப்பில் மருந்து தடவித் துடைப்பார்கள். ஜில்லென்று இருக்கும்.

அடுத்து மரத்துப்போகும் ஊசி. சுருக்கென்று குத்தி, ஒரு பத்து விநாடி எரியும். எலும்பின் மேலுறை வரை மருந்தைச் செலுத்திவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பார்கள். "இன்னும் உணர்ச்சி இருக்கு டாக்டர்" என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் உங்களுக்கு யாரும் மெடல் தரப்போவதில்லை!

பிறகு மஜ்ஜை ஊசி. டாக்டர் அதைத் திருகித் திருகி அழுத்துவார். வலியைவிட அழுத்தம்தான் அதிகம் தெரியும். யாரோ முழங்கையால் இடுப்பில் ஊன்றுவதுபோல் இருக்கும். எலும்பு ஆயிற்றே, கொஞ்சம் பலமாகத்தான் அழுத்த வேண்டும். டாக்டருக்கு வேர்த்தால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

சிரிஞ்சை மாட்டி மஜ்ஜையை உறிஞ்சும் கட்டம் அடுத்து. இதுதான் சொல்லி வைக்க வேண்டிய இடம். எலும்பின் மேலே மரத்துப்போகச் செய்யலாம், உள்ளே முடியாது. அதனால் உறிஞ்சும்போது இடுப்பிலிருந்து தொடை வரை சுரீர் என்று ஓர் இழுப்பு வரும். சிலருக்குப் பலமாகவே வலிக்கும். ஆனால் சில விநாடிதான். "இப்ப இழுக்கப் போறேன்" என்று டாக்டர் சொன்னதும் வாயைத் திறந்து மூச்சை மெதுவாக விடுங்கள். ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் அந்த இழுப்பு அடங்கிவிடும். மறுபடி ஒரு சிரிஞ்ச் எடுத்தால் இன்னொரு தடவை அதே சில விநாடி.

கடைசியாக எலும்பில் ஒரு சின்னத் துண்டு. எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒரு தீக்குச்சியின் பருமன், அதில் பாதி நீளம். அவ்வளவுதான்! இந்தத் துண்டை எடுக்க இன்றைக்கும் பெரும்பாலான இடங்களில் பயன்படுவது 'ஜம்ஷிதி ஊசி'. ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஜம்ஷிதி என்ற டாக்டர் 1971-ல் அறிமுகப்படுத்தியது. துண்டு நசுங்காமல் முழுசாக வரும்படி அதன் நுனியைக் குறுக்கியிருப்பார்கள்.

தையல் கிடையாது. அழுத்திப் பிடித்து, பிளாஸ்திரி ஒட்டி, கால்மணியோ அரைமணியோ மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். உங்கள் எடையே அந்த இடத்தை அழுத்தி ரத்தத்தை நிறுத்திவிடும். தட்டணு குறைந்தவர்களைக் கூடுதல் நேரம் படுக்க வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒருநாள் முழுக்கக் கட்டு நனையக் கூடாது. தலைக்குக் குளியல், எண்ணெய்க் குளியல் எல்லாம் மறுநாளுக்கு அப்புறம். குடம் தூக்குவது, மூட்டை தூக்குவது இரண்டு நாள் வேண்டாம். உட்கார்ந்து எழும்போது இரண்டு மூன்று நாள் அடிபட்ட மாதிரி வலிக்கும். பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். அவை ரத்தக்கசிவை அதிகப்படுத்தலாம்.

கட்டு நனையும் அளவுக்கு ரத்தம் வந்தால், காய்ச்சல் அடித்தால், நாளுக்கு நாள் வலி கூடினால், அந்த இடம் சிவந்து வீங்கினால், கால் மரத்துப்போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ரிசல்ட் ஏன் இத்தனை நாள்?

"அவங்க சொல்ல மாட்டேங்கிறாங்க. ஏதோ மறைக்கிறாங்க!" காத்திருக்கும் நாட்களில் வீட்டுக்கு வீடு இந்தச் சந்தேகம் வரும். மறைப்பது ஒன்றுமில்லை. ஸ்லைடில் தடவிய மஜ்ஜையை ஓரிரு நாளில் பார்த்துவிடலாம். எலும்புத் துண்டு அப்படியில்லை. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தை மருந்தில் ஊறவைத்துக் கரைத்தால்தான் மெல்லிய சீவலாக வெட்ட முடியும். அதற்கு ஒரு வாரம்கூட ஆகும். குரோமோசோம், ஜீன் பரிசோதனை எழுதியிருந்தால் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். எல்லாம் வந்த பிறகுதான் முழுப் படமும் கிடைக்கும். பாதி ரிசல்ட்டை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்குப் போன் போடாதீர்கள்.

இந்தக் குரோமோசோம் பரிசோதனை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம். சி.எம்.எல். என்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய் ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் கோளாறால் வருகிறது. அந்தக் கோளாறையே குறிபார்த்து அடக்கும் 'இமாடினிப்' மாத்திரை 2001-ல் வந்தது. அதன் ஒரு வடிவத்துக்கான காப்புரிமை வழக்கு நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஆரம்பித்து, 2013 ஏப்ரல் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்போடு முடிந்தது. காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பானதால் இந்தியக் கம்பெனிகள் குறைந்த விலையில் அதைத் தயாரிக்க வழி நிலைத்தது. ஒரு காலத்தில் சில வருஷம்தான் என்று கணக்குப் போட்ட நோய்க்கு இன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள் பலர். ஆனால் எந்த வகை என்று தெரிந்தால்தானே எந்த மாத்திரை என்று எழுத முடியும்?

பட்டாசு வேலையால் வந்ததோ?

நம் வட்டாரத்தில் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி. 'மருந்து' என்ற சொல்லுக்கே இங்கே இரண்டு அர்த்தம் ஆயிற்றே!

வெடிமருந்தில் சேரும் அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு ஆகியவை, மஜ்ஜை நோய்க்குக் காரணம் என்று மருத்துவ நூல்கள் சொல்லும் பட்டியலில் இல்லை. ஈயம் வேறு விஷயம். அது உடம்பில் சேர்ந்தால் ரத்தசோகை வரும். பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் சேர்க்கக் கூடாது என்று 2017 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஈயம் சேர்ந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையிலேயே பார்க்கலாம்.

மஜ்ஜைக்கு நிரூபணமான எதிரி 'பென்சீன்'. பெட்ரோலில் இருக்கிறது. ஒரு காலத்தில் அச்சு மையைக் கரைக்கவும் பயன்பட்டது. 1930-களின் கடைசியிலேயே நியூயார்க் அச்சகத் தொழிலாளர்களிடம் இதன் பாதிப்பைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே அச்சாபீஸில் மை, தின்னர், கரைப்பான் புழங்குகிறவர்கள் மூடிய அறைக்குள் வேலை செய்யக் கூடாது. கையில் பட்ட மையைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவக் கூடாது. டாக்டர் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் "பிரைவேட் கம்பெனி" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த ஆபீஸ், எந்தப் பிரிவு, கையில் என்ன தொடுகிறீர்கள், எத்தனை வருஷமாக என்று விவரமாகச் சொல்லுங்கள். அதே சமயம், பெரும்பாலான மஜ்ஜை நோய்களுக்கு இன்ன காரணம் என்று விரல் நீட்ட முடியாது. "நான் அந்த வேலைக்குப் போனதாலதான்" என்று நோயாளி தன்னையே நொந்துகொள்வதில் பிரயோசனமில்லை.

எங்கே செய்துகொள்வது?

ரத்த நோய் நிபுணரோ, புற்றுநோய் நிபுணரோ, பயிற்சி பெற்ற மற்ற டாக்டரோ செய்யலாம். எடுப்பதைப்போலவே எடுத்ததைப் பார்த்துச் சொல்லும் நிபுணரும் முக்கியம். விருதுநகருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம். சுமார் 50 கிலோமீட்டரில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. அதற்கும் மேல் தேவைப்பட்டால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. என்று அனுப்புவார்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கேட்டுச் சிபாரிசுக் கடிதத்தோடு போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்தந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் கேட்கும் கேள்விகள்

மஜ்ஜையை எடுத்துவிட்டால் உடம்பு பலவீனமாகாதா?

எடுப்பது சில சொட்டுகளிலிருந்து ஒன்றிரண்டு ஸ்பூன் வரைதான். ஓயாமல் உற்பத்தியாகும் சரக்கு அது. சீக்கிரமே ஈடாகிவிடும்.

தட்டணு 20 ஆயிரம்தான் இருக்கிறது. ஊசி குத்தலாமா?

பெரும்பாலும் குத்தலாம். ஏன் குறைந்தது என்று பார்க்கத்தானே டெஸ்டே! கூடுதல் நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். ஆனால் ஹீமோஃபிலியா போன்ற ரத்தம் உறையாத வியாதி குடும்பத்தில் இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மஜ்ஜையே வரவில்லை என்றார்கள். அப்படியென்றால்?

சில சமயம் சிரிஞ்சில் ஒன்றும் ஏறாது. மஜ்ஜை நார்நாராக இறுகியிருக்கலாம், அணுக்கள் நெருக்கமாக அடைத்திருக்கலாம். அந்த நேரத்தில் எலும்புத் துண்டுதான் கைகொடுக்கும்.

மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்களே, நோய் முற்றிவிட்டதா?

அப்படி இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் எடுப்பார்கள். நல்ல செய்தி வருவதும் அந்த ஊசி வழியாகத்தான்.

இதுவும் மஜ்ஜை மாற்று சிகிச்சையும் ஒன்றா?

இல்லை. அது வேறு, பெரிய சிகிச்சை. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்து செய்கிறார்கள். இது வெறும் பரிசோதனை.

கல்யாண வயதில் இருக்கும் பெண். வெளியே தெரிந்தால்...?

பட்டாணிக் கடலையைவிடச் சின்னத் தழும்புகூட மிஞ்சாது. பிள்ளைப்பேறுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் யாராவது ஏதாவது சொல்வார்களே என்று பயந்து டெஸ்ட்டையே தள்ளிப்போட்டால், பி12 குறைவு மாதிரி சில ஊசியில் சரியாகக்கூடிய விஷயமும் முற்றிவிடும். சம்பந்தி வீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பெண்ணைப் பாருங்கள்.

குழந்தைக்கு எப்படி?

பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். ஆனாலும் "ஊசியே போட மாட்டாங்க" என்று ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள். அடுத்த தடவை உங்களையே நம்பாது.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

"அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்று வாசலிலேயே மடக்குவது நம் வழக்கம். பாசம்தான். ஆனால் விவரம் தெரியாமல் படுத்திருப்பவர் கற்பனையில் இன்னும் பெரிசாகப் பயப்படுகிறார். என்ன டெஸ்ட், எதற்கு, எங்கே வலிக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தையே படித்துக் காட்டினாலும் சரி. டெஸ்ட் நேரத்தில் கூட இருக்க அனுமதித்தால் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் தேதி கொடுத்துவிட்டாரா? அந்தத் தேதியிலேயே போய்ப் படுத்துவிடுங்கள். அரைமணி நேரப் படுக்கை, சில விநாடி இழுப்பு, மூன்று நாள் வலி. தீபாவளி அடுத்த வருஷமும் வரும், சரக்கு அடுத்த சீசனிலும் போகும். ஊசி மட்டும் இப்போதே முடியட்டும்.